கறுப்புத் துருவின் காவல்

சரவணம்பட்டியை ஊடறுத்துப் போகும் சத்தி ரோட்டில் இன்று ஐ.டி. கம்பெனிப் பேருந்துகள்தாம் நெருக்கியடிக்கின்றன. அதே ரோட்டைப் பிடித்துப் போனால் அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி. அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் திம்பம். திம்பத்துக்கு மேலே தாளவாடி வரை விரியும் காட்டில் புலியையும் சிறுத்தையையும் தேடி அலைந்தவர் பெங்களூருக்காரரான கென்னத் ஆண்டர்சன் (1910–1974). முடியனூர், ராஜநகரா என்று அந்தக் காட்டுக் குக்கிராமங்களின் பெயர்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவை அவருடைய வேட்டைக் கதைகள்.

அந்தக் கதைகளில் ஆண்டர்சனோடு கூடவே வரும் இன்னொரு பாத்திரம் அவருடைய துப்பாக்கி. .405 வின்செஸ்டர், 1895 மாடல். இந்தியாவில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் ரைபிளையோ, தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளும் போல்ட் ரைபிளையோ நம்பிய காலம் அது. ஆண்டர்சன் கையில் இருந்ததோ அமெரிக்காவின் லீவர் ரைபிள். விசைக்குக் கீழே வளைந்திருக்கும் இரும்புக் கைப்பிடியை விரல்களால் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்.

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் அப்பாரு காலத்திலிருந்து வருகிற துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான். லீவர் ரைபிள் அபூர்வம். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் வாரிசுகள் கேட்கும் கேள்விகள் இரண்டு. இது என்ன விலை போகும்? இதை எப்படித் துடைத்து வைப்பது? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இரும்பின் மேல் சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு கறுப்புத் தோலில்.

முழங்காலில் தொடங்கிய கதை

1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற அமெரிக்க மெக்கானிக் ஒரு ரைபிளுக்குக் காப்புரிமை வாங்கினார். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அதில் பதினாறு தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். அதற்கு முதல் போட்டவர் ஆலிவர் வின்செஸ்டர். அதுவரை சட்டை தைத்து விற்றுப் பணக்காரரானவர். 1866-இல் அவர் பெயரிலேயே துப்பாக்கிக் கம்பெனி உருவானது.

துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் குண்டு முன்னால் பாய, அதே விசை தோட்டாவின் அடிப்பாகத்தைப் பின்னால் தள்ளும். பின்கதவு இறுகப் பூட்டியிருக்காவிட்டால் சுடுகிறவரின் முகத்துக்கே ஆபத்து. ஹென்றியின் பூட்டு மனித முழங்காலைப் போன்றது. காலை நேராக நீட்டி நின்றால் எலும்பே பாரத்தைத் தாங்கும். முழங்கால் கொஞ்சம் மடங்கினாலும் பாரம் தாங்காது. லீவர் மேலே இருக்கும்போது இரண்டு இரும்புத் துண்டுகள் நேர்கோட்டில் நின்று கதவைத் தாங்கும். லீவரைக் கீழே தள்ளினால் மூட்டு மடங்கிக் கதவு திறக்கும். புகழ்பெற்ற 1873 மாடலிலும் இதே ஏற்பாடுதான்.

கரிமருந்துத் தோட்டாவின் அழுத்தத்துக்கு அது போதும். இன்னும் வலுவான தோட்டாக்கள் வந்தபோது போதவில்லை. அப்போது வந்தவர் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங். அவர் முழங்காலை விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் கெட்டியான இரும்புக் கட்டையை வைத்துப் பூட்டினார். 1886 மாடல் அப்படிப் பிறந்தது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. அடிக்குழாயில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும்போது, பின்னால் உள்ள குண்டின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரை, அதாவது தட்டினால் மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியை, தொட்டுக்கொண்டிருக்கும். குண்டு கூர்மையாக இருந்தால், ஒரு குலுக்கலில் உள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் அந்தத் துப்பாக்கிகளுக்கு மூக்கு தட்டையான குண்டுதான். கூர்குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போகும் என்பது தெரிந்தும் பயன்படுத்த முடியவில்லை. 1895 மாடலில் பிரௌனிங் குழாயையே எடுத்துவிட்டு, தோட்டாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை விசைக்கு முன்னால் பொருத்தினார். சிக்கல் தீர்ந்தது.

.405 தோட்டா 1904-இல் வந்தது. சுமார் 19 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 670 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது எடுத்துச் சென்ற துப்பாக்கிகளில் இதுவும் உண்டு. மொத்தம் செய்யப்பட்ட 1895 மாடல் துப்பாக்கிகள் சுமார் நாலேகால் லட்சம். அவற்றில் ஏறத்தாழ 2,94,000 முதல் உலகப் போரின்போது ரஷ்ய ராணுவத்துக்கு, ரஷ்யத் தோட்டாவுக்கு ஏற்ற வடிவில் போயின. வேட்டைக்காரர்கள் வாங்கிய .405 அந்தக் கணக்கில் ஒரு சிறு பகுதிதான். அரிது என்பதற்கு முதல் காரணம் இது.

முதலில் ஸ்டேஷன், பிறகுதான் விலை

மதிப்பீட்டுக்கு முன்னால் சட்டம். லைசென்ஸ்தாரர் இறந்த மறுகணமே அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதற்கான உரிமை போய்விடுகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். சரவணம்பட்டி 2011-இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. இங்கே லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநகரப் போலீஸ் கமிஷனரிடம். ஊர்ப்புறத்தில் கலெக்டரிடம்.

2016-இன் ஆயுத விதிகள் வாரிசுக்குத் தனி வழி வைத்திருக்கின்றன. இறந்தவரின் வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிரம்பியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். 2019-இன் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இதே கணக்குதான்.

'நூறு வருஷத்துப் பழசு, இதுக்கு எதுக்கு லைசென்ஸ்?' என்ற பேச்சு ஊரில் உண்டு. பழமையானது என்பதற்காக மட்டும் சட்டம் விலக்கு தரவில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். எண்ணெய் போட்டால் சுடக்கூடிய வின்செஸ்டருக்கு அந்த விலக்கு கிடைக்காது. சத்தியமங்கலம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. அடிக்குழாய் உள்ள லீவர் ரைபிளில் பின்கதவைத் திறந்து பார்த்துக் காலி என்று நினைத்தால் போதாது. குழாய்க்குள் தோட்டா தங்கியிருக்கலாம். லீவரை அசைத்தால் அதுவே மேலே ஏறிவிடும். காலி செய்து பார்க்கும் வேலையை லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இரும்பைப் படிப்பது

லீவர் இருந்தால் எல்லாம் வின்செஸ்டர் ஆகிவிடாது. 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியிலும் கீழே ஒரு லீவர் உண்டு. ஆனால் அது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் கையால்தான் தோட்டா போட வேண்டும். கைபர் கணவாய்ப் பட்டறைகளில் அதற்கு நிறைய நகல்கள் செய்தார்கள். எழுத்துக்கூட்டுப் பிழையும் திருப்பிப் போட்ட ஆங்கில எழுத்தும் அந்த நகல்களைக் காட்டிக்கொடுக்கும்.

குழலில் பொறித்திருக்கும் பெயர் செய்தவர் பெயராகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி.ஆர். அண்ட் சன்ஸ் கம்பெனி துப்பாக்கியும் விற்றது. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியில் மதராஸ் கடையின் பெயர் இருக்கும். அப்படிப் பெயர் இருந்தால் துப்பாக்கி நம் ஊருக்கு வந்த வழி தெரிகிறது; அதற்கும் மதிப்பு உண்டு. லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகளின் முத்திரை இருந்தால் அது பிரிட்டன் வழியாக வந்திருக்கிறது. நீள்வட்டத்துக்குள் 'டபிள்யூ.பி.' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது வின்செஸ்டர் 1905 முதல் போட்ட சோதனை முத்திரை. 'நிக்கல் எஃகுக் குழல், புகையில்லா மருந்துக்கானது' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால், கரிமருந்தைவிட அதிக அழுத்தம் தரும் புது மருந்துக்கென்றே செய்த குழல்.

தொடர் எண்ணைக் கொண்டு தயாரித்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. பேரேடு மிஞ்சியிருக்கும் எண்களுக்கு, எந்த வடிவில், எந்த நாளில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்று கடிதம் தருகிறார்கள்.

தோட்டாவின் அளவு பெயரிலேயே இருக்கிறது என்று நம்புவதும் ஆபத்து. .405 வின்செஸ்டரின் குண்டு உண்மையில் .411 அங்குல விட்டம் கொண்டது. குழலின் எழுத்து தேய்ந்துபோன துப்பாக்கியில் உட்புறத்தை அச்செடுத்துப் பார்ப்பார்கள். பிஸ்மத், ஈயம், தகரம், காட்மியம் கலந்த ஓர் உலோகம் இதற்கு உதவுகிறது. தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே, 88 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். அதை ஊற்றி ஆறவிட்டால் முதலில் கொஞ்சம் சுருங்கும். அதனால் எளிதாக வெளியே வரும். பிறகு மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குழலின் சரியான அளவுக்கே வந்து நிற்கும். பிஸ்மத் இறுகும்போது விரியும் அபூர்வ உலோகம் என்பதால் கிடைத்த வசதி இது.

இந்த அளவுக்குச் சட்டத்திலும் பொருள் உண்டு. 1895 மாடல் .303 குழலோடும் வந்தது. ராணுவ, போலீஸ் தோட்டா பொருந்தும் .303 போன்ற குழல்களைச் சட்டம் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. ஒரே மாடல், ஒரே தொழிற்சாலை. குழல் மாறினால் லைசென்ஸ் கதையும் மாறிவிடும்.

துருவைத் துருவால் தடுப்பது

இனி அந்தக் கறுப்புத் தோலுக்கு வருவோம். பழைய துப்பாக்கிக் குழலின் கருநீலப் பளபளப்பைப் பெயின்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. அது துரு.

இரும்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் செந்துரு உண்டாகிறது. செந்துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் உப்பிப் பொருக்கு விட்டு உதிரும், உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்குத் தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். கறுப்புத் துரு வேறு வகை. மேக்னடைட் என்ற அந்த ஆக்சைடு இரும்போடு இறுக ஒட்டி நிற்கும். சேலம் கஞ்சமலையில் பாறையோடு பாறையாகக் கிடக்கும் காந்தத் தாது இதுவேதான்.

அந்தக் காலத்துத் தொழிலாளிகள் குழலை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, அமில உப்புக் கரைசல் தடவி, வெதுவெதுப்பான ஈர அறையில் தொங்கவிடுவார்கள். மெல்லிய செந்துரு பூக்கும். அதைத் தூய தண்ணீரில் கொதிக்கவைத்தால் சிவப்பு கறுப்பாக மாறும். மெல்லிய கம்பித் தூரிகையால் தளர்ந்த தூளைத் துடைத்துவிட்டு, மறுபடி கரைசல், மறுபடி ஈரம், மறுபடி கொதிநீர். நாள்கணக்கில் இப்படிச் செய்தபின் கிடைப்பதுதான் அந்தக் கருநீலம். அதன் நுண்துளைகள் எண்ணெயைப் பிடித்துவைக்கும். எண்ணெயும் கறுப்புத் துருவும் சேர்ந்து செந்துருவைத் தடுக்கும்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இங்கேதான் சோதனை. கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைபவர்களுக்கு ஒரு குழலுக்குப் பஃப் அடித்துக் கண்ணாடியாக்குவது அரை நாள் வேலை. அந்த அரை நாளில் நூறாண்டுத் தோல் போய்விடும். சேகரிப்பாளர்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் எழுத்துகளின் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். பஃப் பட்ட எழுத்து மழுங்கியிருக்கும். திருகாணித் துளையின் விளிம்பு குழிந்திருக்கும். மேலே புதுக் கறுப்பு ஏற்றினாலும் அது மறையாது. மங்கிப்போன அசல் தோலுக்கு இருக்கும் விலை, மினுமினுக்கும் புதுத் தோலுக்கு இருக்காது.

சட்டமும் சேகரிப்பாளரின் பக்கம்தான். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். அதில் பொறித்த எண்ணையோ பெயரையோ அழிப்பது 8-ஆவது பிரிவின்படி குற்றம். எண்ணை மழுங்க அடிக்கும் பஃப் சக்கரம் விலையையும் கெடுக்கும், வழக்கையும் கொண்டுவரும்.

உப்புக்குத் தண்ணீர், கட்டைக்கு ஆளி

குழலின் உள்ளே வேறு கதை. பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடிக்கும்போது அது ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மிஞ்சும். சமையல் உப்பின் உடன்பிறப்பு அது. ஈரமான இரவில் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்து, உப்புநீராகக் குழலைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது. எத்தனை எண்ணெய் விட்டாலும் உப்பு அடியில் பத்திரமாக இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த வேட்டைக்காரர்கள் சுட்ட அன்றைக்கே குழலுக்குள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும், சூடான இரும்பு தானே காய்ந்துவிடும், அதன்பிறகே எண்ணெய். 1920-களின் கடைசியிலிருந்து ஈய ஸ்டிஃப்னேட் பிரைமர்கள் பரவியபின் இந்தத் தொல்லை குறைந்தது. பழைய துப்பாக்கியின் குழலை வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த உப்பே காரணம். ஐம்பது ஆண்டுகளாகச் சுடாத குழலுக்கு இப்போது வெந்நீர் தேவையில்லை, குழிந்தது குழிந்ததுதான்.

பொள்ளாச்சி வரை தென்னை நிற்கும் சீமையில் எதற்கும் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. துப்பாக்கிக்கு அது ஆகாது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாக மாறும் இரட்டைப் பிணைப்புகள் அதில் மிகக் குறைவு. பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைப் பிடிக்கும். நாளானால் சிக்கெடுக்கும், அப்போது வெளிவரும் அமிலம் பித்தளைப் பாகங்களில் பச்சை பூக்கவைக்கும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகும். மார்கழிக் காலையில் உள்ளிருக்கும் விசைச்சுருள் நகராது. இரும்புக்கு ஏற்றது மெல்லிய கனிம எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு ஒரு பூச்சு. அருங்காட்சியகங்கள் விரும்புவது பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் 1950-களில் உருவான நுண்படிக மெழுகு.

வால்நட் கட்டைக்கு அக்காலத்தில் பூசியது ஆளிவிதை எண்ணெய். அதில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றை உண்டு இறுகி மரத்தோடு ஒன்றிவிடும். அப்படி இறுகும்போது வெப்பம் வெளிப்படும் என்பதால், ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்துவிட்டே எறிய வேண்டும். கட்டையில் உள்ள கீறலையும் கைபட்டுக் கறுத்த இடத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. அதுவும் பஃப் அடிப்பதற்குச் சமம்.

வைக்கும் இடம் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று ஏறுகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று வரைபடமே போட்டிருக்கிறது. கடலுப்புக் காற்று வீசும் ஊர்களோடு ஒப்பிட்டால் கோவை வரம் பெற்ற ஊர். ஆனாலும் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போது கவனம் வேண்டும். தோலுறையில் போட்டு வைப்பது பலரும் செய்வது. தோல் பதனிட்டபோது சேர்ந்த அமிலமும் உப்பும் ஈரத்தைப் பிடித்துவைத்து, உறை தொட்ட இடமெல்லாம் துருவாக்கும். கம்பளித் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூட்டிய அலமாரி, சிலிக்கா ஜெல் பை, ஈரப்பதம் காட்டும் சிறு கருவி, தொடும்போது கையுறை. கை வியர்வையில் இருப்பதும் உப்புதான்.

காகிதத்தின் எடை

கடைசியாக விலை. .405 தோட்டா இன்று இங்கே கிடைப்பதே அரிது. நம் அரசு ஆலைகள் வேட்டைத் துப்பாக்கிகளுக்கென்று செய்வது .315 போன்ற வேறு அளவுகள். வேட்டையையும் 1972-இன் சட்டம் முடித்துவைத்தது. சுடுவதற்காக இதை யாரும் வாங்கப்போவதில்லை. வாங்குபவர் தேடுவது சாட்சியம்.

ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைபிளை எடுத்துக்கொள்ளலாம். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹெவெட் கொடுத்த பரிசு; கட்டையில் பதித்த வெள்ளித் தகடு அதைச் சொல்கிறது. கார்பெட்டுக்குப் பிறகு அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸிடம் போய், 2015-இல் அதைச் செய்த ரிக்பி கம்பெனிக்கே திரும்பி வந்தது. அதைச் செய்த அதே ஆண்டில், அதே பட்டறையில் பிறந்த வேறு ரைபிள்களுக்கு அந்த மதிப்பு இல்லை. ஒரு தகடும், கை மாறிய வரலாறும்தான் வித்தியாசம்.

நம் வீட்டுத் துப்பாக்கிக்கு வெள்ளித் தகடு இருக்காது. பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கிய ரசீது இருக்கும். எந்தக் கடையில் வாங்கியது, எந்தக் காட்டுக்குப் போனது என்று சொல்ல வயதானவர் ஒருவர் இருப்பார். அந்தக் காகிதங்களைச் சேர்த்து, அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிவைத்தால் மதிப்பீட்டில் பாதி முடிந்தது. மீதிப் பாதி, இரும்பின் மேல் உள்ள கறுப்பை யாரும் தேய்க்காமல் பார்த்துக்கொள்வது.